இருநூறு மணித்தியாலங்கள்

திருகோணமலை நகரிலே, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வீடொன்றின் முன் விறாந்தையில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று, பட்டமளிப்பு விழாவிலே கறுப்பு அங்கியுடன் எடுத்துக்கொண்ட நிழற்படம். மற்றையது ஒரு சான்றிதழ். இருநூறு மணித்தியாலப் பயிற்சிநெறியைப் பூர்த்தி செய்து, யோகாசனம் கற்பிக்கும் ஆசிரியையாகத் தகுதி பெற்றுள்ளாள் என்பது அதன் வாசகம். முதலாவதைப் பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. இரண்டாவதற்கு நான்கு வாரங்கள். முதலாவது இன்றுவரை ஒரு வேலையையும் பெற்றுத் தரவில்லை. இரண்டாவது மூன்றாம் மாதத்திலேயே சம்பளம் தந்தது. கலைப்பீடத்தில் இருப்போர் இதனை வாசித்துச் சிரிக்கவும் கூடும், சிரியாதிருக்கவும் கூடும்.

அவள் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றவள். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பிப்பதும், வர்த்தமானியைப் புரட்டுவதும், கச்சேரி வாசலில் நிற்பதுமாக மூன்று ஆண்டுகள் கழிந்தன. அவ்வேளையில் நிலாவெளிப் பக்கத்து விடுதியொன்றில், காலை வேளைகளில் உல்லாசப் பிரயாணிகளுக்கு யோகாசனம் கற்பிக்க ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுச் சென்றாள். எட்டு வயது முதல் ஆசனம் பழகியவள் அவள். மயூராசனத்திலே முழங்கைகளின் மேல் உடலைக் கிடையாக நிறுத்தி, முப்பது எண்ணி முடியும்வரை அசையாதிருப்பாள். முகாமையாளர் எதனையும் செய்து காட்டுமாறு கேட்கவில்லை. "இருநூறு மணித்தியாலச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று மாத்திரம் கேட்டார். இல்லை என்றாள். நேர்முகம் அத்துடன் முடிந்தது. யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டிருந்தால் அம்மம்மாவிடம் என்று சொல்லியிருப்பாள். அக்கேள்வி எழவேயில்லை.

அம்மம்மாவின் கதை அந்நகரின் வரலாற்றோடு சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவிலே வைத்தியராகப் பணியாற்றிப் பின்னர் றிஷிகேசத்தில் துறவியாகிய சுவாமி சிவானந்தர், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர்களுள் ஒருவரும் கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவருமான சுவாமி சச்சிதானந்தர், 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தங்கி ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அவர் இந்நாட்டில் போதித்தார். 1966இல் நியூயோர்க் சென்ற அவரே, 1969 ஆகஸ்ட் 15ஆந் திகதி வூட்ஸ்ரொக் இசை விழாவின் தொடக்கத்திலே பெருந்திரளான இளைஞர்முன் உரையாற்றியவர். அமெரிக்காவில் யோகம் பரவிய கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அந்த மேடையிலிருந்தே அவரைத் தொடங்குவர். அதற்கு முந்திய பதின்மூன்று ஆண்டுகள் திருகோணமலைக்கும் கண்டிக்கும் உரியவை என்பதைக் கண்டி வீதிகளில் அன்றாடம் நடக்கும் மாணவரிற் பலரும் அறியார்.

1950களின் பிற்பகுதியில், தாவணி வயதில், அம்மம்மா அவ்வாச்சிரம வகுப்புகளுக்குச் சென்று வந்தவர். திருமணத்தின் பின் தெருவிலுள்ள பெண்களுக்குத் தாமே பழக்கினார். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்கு முன்னுள்ள அந்த ஒரு மணித்தியாலமே வகுப்பு நேரம். விரிப்பது பன்பாய். (சிவானந்தர் பிறந்த பத்தமடையே பாய்க்குப் பெயர்போன ஊர்தான். இன்று அதே வேலைக்குக் கடைகளில் விற்கும் இறப்பர் விரிப்பின் விலையைக் கேட்டபோது, அம்மம்மா தமது பாயைச் சுருட்டிப் பத்திரமாக அலுமாரியின் மேல் வைத்துக்கொண்டார்.) ஒருவரும் அவரிடம் தகுதி கேட்டதில்லை. அவர் யார், யாரிடம் பழகினார், அவருடைய கோபம் எப்படி, கை எப்படி என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும்.

அவ்வாறாயின் இச்சான்றிதழ் எங்கிருந்து வந்தது? பதஞ்சலியின் சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அவற்றுள் ஆசனத்தை நேரே பேசுபவை மூன்றே. பதினைந்தாம் நூற்றாண்டுக்குரியதெனக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. தமிழிலே திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறது. இவற்றிலே குரு உண்டு, சீடன் உண்டு, கற்றதை மறைவாய்ப் பேணும்படி எச்சரிக்கையும் உண்டு. வகுப்பு இல்லை, மணிக்கணக்கு இல்லை. பலரை வரிசையாக நிறுத்தி ஒரே வேளையிற் பயிற்றும் முறை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். 1924இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் நிறுவிய கைவல்யதாமமும், 1933 அளவில் மைசூர் அரண்மனையின் ஆதரவுடன் கிருஷ்ணமாச்சாரியார் தொடங்கிய யோகசாலையும் அதற்கு வழிவகுத்தவற்றுள் முக்கியமானவை.

அந்த மைசூர் யோகசாலையின் மாணவர் ஒருவர், 1937இல், பதினெட்டு வயதில், புனே நகருக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருந்தமை அவரைத் தெரிவு செய்ததற்குக் காரணங்களுள் ஒன்று எனக் கூறப்படுவதுண்டு. கற்றது சில ஆண்டுகள். தமது உடலையே பாடநூலாக்கிப் படித்துப் படித்துக் கற்பித்த அந்த இளைஞரே பின்னாளில் உலகறிந்த பி. கே. எஸ். ஐயங்கார். வியப்பு யாதெனில், 1970 அளவில் லண்டன் உள்நகரக் கல்வி அதிகாரசபை தனது வளர்ந்தோர் வகுப்புகளில் யோகாசனத்துக்கு இடமளித்தபோது, சமயப் போதனை கலவாது உடற்பயிற்சியாகவே அது கற்பிக்கப்படவேண்டும் என்றும், கற்பிப்போர் ஐயங்காரின் அங்கீகாரம் பெற்றோராய் இருக்கவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. பதினெட்டு வயதில் புனே சென்றவர், பிறருக்குத் தகுதி வழங்குபவரானார்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1969இல், சிவானந்தரின் மற்றொரு சீடரான சுவாமி விஷ்ணுதேவானந்தர் கனடாவில் ஆசிரியர்களுக்கான பயிற்சிநெறியொன்றைத் தொடங்கினார். ஒரு மாத காலம் ஆச்சிரமத்திலே தங்கிக் கற்கும் அம்முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 1999இல் அமெரிக்காவில் 'யோகா அலையன்ஸ்' என்னும் அமைப்புத் தோன்றி, இருநூறு மணித்தியாலம் என்ற அளவை ஊன்றியது. அது அரசாங்கத் திணைக்களமன்று. தானே பரீட்சை நடத்துவதுமில்லை. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்யும் ஓர் இடாப்பு, அவ்வளவே. எனினும் நிலாவெளியிலிருந்த முகாமையாளரின் வாயில் அந்த எண் வந்து அமர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமாக இருபத்தைந்து நாட்கள் எனில் இருநூறு ஆகிவிடும். உல்லாசப் பிரயாணியின் ஒரு மாத விடுமுறைக்குள் இது கச்சிதமாக அடங்குவதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். இலங்கையிலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுக்க ஆசிரிய கலாசாலையில் இரண்டு ஆண்டுகள் பயிலவேண்டியிருந்தது. ஒருவரைத் தலைகீழாக நிறுத்தப் பழக்குவதற்கு இருபத்தைந்து நாட்கள் போதும் என்று உலகச் சந்தை தீர்மானித்திருக்கிறது.

இவ்வளவையும் அவள் பின்னரே வாசித்து அறிந்தாள். அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது வேலை. தாயாரின் இரண்டு சோடிக் காப்பும் அடகுக் கடைக்குச் சென்றன. சிவானந்தர் மரபைச் சார்ந்த தென்னிந்திய ஆச்சிரமம் ஒன்றில் இடம் கிடைத்தது. புறப்படும் நாளிலும் தான் கற்கப் போவதாக அவள் எண்ணவில்லை. தெரிந்ததற்குக் கடதாசி வாங்கிவரப் போவதாகவே எண்ணினாள்.

அங்கு காலை ஐந்தரைக்கு முன் மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தியானமும் பஜனையும். எட்டு மணிக்கு ஆசன வகுப்பு. முதற் சாப்பாடு பத்து மணிக்குத்தான். பின்னர் கூட்டுதல், பாத்திரம் கழுவுதல் முதலிய பணிகள். நண்பகலில் கீதை, இரண்டு மணிக்குத் தத்துவமும் உடற்கூற்றியலும், நான்கு மணிக்கு மீண்டும் ஆசன வகுப்பு, ஆறு மணிக்கு இரண்டாஞ் சாப்பாடு, இரவு மறுபடியும் தியானம். உப்பு நீரை ஒரு நாசியால் விட்டு மறு நாசியால் வெளியேற்றும் நேதிக் கிரியையின்போது பலர் தும்மித் தும்மி அழுதனர். பல நாட்டவரும் கலந்த முப்பதுக்கு மேற்பட்ட அக்கூட்டத்திலே, முதல் வாரத்தில், ஆசன வகுப்பில் அவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். அதை அவளும் அறிந்திருந்தாள்.

அவளுக்கு அடுத்த விரிப்பில் இருந்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வயது அறுபத்தொன்று, பத்மாசனம் வராது, இரண்டு முழங்காலும் மடங்கமாட்டா. ஹலாசனத்திலே கால் விரல்கள் தரையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கையில் நின்றுவிடும். "ரீச்சர், இந்த வயதிலை ஏன் உங்களுக்கு இந்தக் கஷ்டம்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். வீட்டிலே சும்மா இருந்தால் மருமகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவேன், அதுதான் வந்தேன், என்றார் அவர்.

இரண்டாம் வாரத்தில் கற்பித்தற் பயிற்சி தொடங்கியது. ஐந்து பேருக்கு ஒருவர் ஆசிரியர். ஒவ்வொருவராக முறை மாறுவர். செய்பவருக்குத் தோன்றாத சங்கடங்கள் கற்பிப்பவருக்குத் தோன்றுவதை அங்குதான் பலரும் உணர்ந்தனர். மாணவரைப் பார்த்து நிற்கும் ஆசிரியர் 'வலது கை' என்று சொல்லும்போது தமது இடது கையை உயர்த்தவேண்டும். இல்லையேல் பார்ப்போர் குழம்புவர். கையை உயர்த்து என்று சொல்வதற்கு முன்னரே மூச்சைச் சொல்லவேண்டும். பின்னர் சொன்னால் அவர்கள் ஏற்கெனவே விட்டுக்கொண்டிருப்பர். ஆசனத்துள் செல்லும் வழியைவிட அதிலிருந்து மீளும் வழியைத் தெளிவாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் விழுவோர் பெரும்பாலும் மீளும்போதே விழுகின்றனர். இறுதியிலே சவாசனத்தில் கிடத்தியபின் பேசாதிருக்கவேண்டும். பேசாதிருப்பதே பலருக்கும் கடினமாயிற்று.

அவளுடைய முறை வந்தது. சர்வாங்காசனம். தோள்களின் மேல் உடல் முழுவதையும் நிறுத்துவது. அவள் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே தானும் செய்தாள். கால்கள் உயர்ந்தன, முதுகு நிமிர்ந்தது, நாடி நெஞ்சோடு பொருந்தியது. வழக்கம்போல் கண்கள் மூடிக்கொண்டன. தாளம் தவறாத குரலில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். கண் திறந்தபோது, பயிற்றுவிப்பாளர் ஒருவர் ஓசையின்றி வந்து, அவளுடைய மாணவியருள் ஒருத்தியின் தலையை இரு கைகளாலும் ஏந்தி நேராக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஆசிரியை செய்வதைப் பார்க்கவேண்டி, ஆசனத்திலிருந்தபடியே கழுத்தைத் திருப்பியிருக்கிறாள். உடலின் பாரமெல்லாம் தோளிலும் கழுத்தடியிலும் நிற்கும் அந்நிலையில் தலையைத் திருப்பலாகாது என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. அவ்விதியை அவளும் தன் மாணவியருக்குச் சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் அக்கழுத்து அவ்வாறு திரும்பியிருந்தது என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

பயிற்றுவிப்பாளர் கடிந்துகொள்ளவில்லை. மிக அழகாகச் செய்தீர்கள் என்றார். அச்சொல் அவளைச் சுட்டது.

அன்று மாலை கணித ஆசிரியையின் முறை. அவர் எதையும் செய்து காட்டவில்லை. செய்து காட்ட அவரால் இயலாது. விரிப்பிலே நிற்காமல் ஐவருக்கும் இடையில் நடந்தார். ஒருவருடைய பெயரைச் சொல்லி, "முழங்கைய உள்ள கொண்டாங்க" என்றார். இன்னொருவர் நெற்றியைச் சுருக்குவதைக் கண்டு, "போதும், எறங்குங்க, யாரும் பரிசு தரப்போறதில்ல" என்றார். வகுப்பு முடிந்தபோது ஐந்து பேரும் எழுந்திருக்க மனமின்றிக் கிடந்தனர். இரவு பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் அவரிடம், எப்படி ரீச்சர், என்று கேட்டாள்.

"மக்ளே, கரும்பலகைல எழுதும்போதும் ஒரு கண்ணு முதுகுல இருக்கணும். இல்லேன்னா கடைசி பெஞ்சில சாக்பீஸ் பறக்கும். முப்பத்தி நாலு வருசம் அதத்தான் செஞ்சேன்."

அதன் பின்னுள்ள இரண்டு வாரங்களும் அவளுக்குக் கடினமாகக் கழிந்தன. தன் உடலை மறந்து பிறருடைய உடலைப் பார்ப்பது, ஆசனத்திலே தேர்ந்த ஒருவருக்கு எவ்வளவு கடினம் என்பதை அதுவரை அவள் அறிந்ததில்லை. குரலைப் பழக்கினாள். பின்பக்கமிருந்து பார்த்தாள், பக்கவாட்டில் நின்று பார்த்தாள். உடற்கூற்றியற் படத்தில் கழுத்தின் ஏழு எலும்புகளையும் வரைந்து வரைந்து படித்தாள். சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதையும், ஆதலால் குளோக்கோமா உள்ளோரை அதில் நிறுத்தலாகாது என்பதையும் குறிப்பெடுத்தாள். உயர் இரத்த அழுத்தம், கழுத்து நோவு, கருப்பம் எனக் கேட்கவேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. அம்மம்மா இவற்றுள் ஒன்றையேனும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. மூன்று மணித்தியால எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தாள். மயூராசனத்துக்குப் புள்ளி இருக்கவில்லை.

திரும்பி வந்ததும் விடுதியில் வேலை கிடைத்தது. சான்றிதழின் நிழற்படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பச் சொன்னார்கள். அதனைப் பெரிதாக்கி வாசித்தார்களா என்பது ஐயமே. கிழக்குக் கரையின் பருவம் சித்திரை முதல் புரட்டாதி வரை. காலை ஏழு மணிக்குக் கடலை நோக்கிய தென்னோலைக் கொட்டிலில் வகுப்பு. வருவோர் மூன்று நாள் தங்குவர்; நான்காம் நாள் அந்த விரிப்பில் வேறொருவர் இருப்பார். ஒரே கழுத்தை அவள் நான்காம் முறை பார்த்ததில்லை. இதிலே குறை சொல்வதற்கு எதுவுமில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது. ஒரு சோடிக் காப்பு மீண்டது. ஆயினும், அறியாதவர் அறியாதவருக்குக் கற்பிக்கும் அவ்விடத்தில் அந்தக் கடதாசிக்கு இருந்த அவசியம் அவளுக்கு விளங்கியது. தெரு அறிந்த அம்மம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பேர்லினிலிருந்து வந்து மூன்று நாள் தங்குபவர் தம் கழுத்தை எதை நம்பி ஒப்படைப்பார்?

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் விடுதியில் வகுப்பு நின்றது. தெருவிலுள்ள பெண்கள் சிலர், அம்மம்மா முன்பு செய்ததைப் பேத்தி தொடரலாகாதா என்று கேட்டனர். சனசமூக நிலையத்திலே, பத்திரிகை வாசிப்போர் கலைந்த பின், பின்னேரம் நான்கு மணிக்கு வகுப்பு ஆரம்பமானது. பதினான்கு பேர். அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. 'இன்ஹேல், எக்ஸ்ஹேல்' என்று பழகிய நாவினால் "மூச்சை உள்ளே இழுங்கோ" என்றாள். பதினான்கு தோள்களும் காதுவரை உயர்ந்தன. கழுத்து நரம்புகள் புடைத்தன. 'இழு' என்ற சொல் கயிற்றுக்கும் வலைக்கும் உரியது; கரைவலை இழுக்கும் ஊரில் அச்சொல்லைக் கேட்டவுடன் உடல் முழுவதும் இழுக்க ஆயத்தமாகிறது. மூலையிலே கதிரையில் இருந்த அம்மம்மா, "மூச்சை எடுங்கோ… இனி விடுங்கோ" என்றார். தோள்கள் இறங்கின. அவள் தன் பாடக்குறிப்பு முழுவதையும் அன்றிரவு தமிழில் மீண்டும் எழுதினாள். மொழிபெயர்த்தல் அதற்குப் போதவில்லை, ஒவ்வொரு வினையையும் சொல்லிப் பார்த்துத் தன் தோளையே சோதிக்கவேண்டியிருந்தது.

பட்டியலை மாத்திரம் அவள் விடவில்லை. ஒரு சீ. ஆர். கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பிறஷர், சீனி வருத்தம், கழுத்து, கண். கருவாடு விற்கும் பெண்ணொருத்தி, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்று முடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், அவள் அரை மணித்தியாலம் முந்திப் போகவேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டபோது, கண்ணுக்கு மருந்து விடும் நேரம் என்றாள். கிளினிக்கில் தந்தது, காலையும் பின்னேரமும் ஒவ்வொரு துளி, நிற்பாட்டக்கூடாதாம். "அது வருத்தமில்லை, மருந்துதானே." மறுநாள் போத்தலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். குளோக்கோமாவுக்கான துளி மருந்து. அடுத்த வாரம் சர்வாங்காசனமும், அதன்பின் சிரசாசனமும் தொடங்குவதாக இருந்தது.

அன்றிரவு இதனை அம்மம்மாவிடம் சொன்னாள். ஒருவகைப் பெருமையோடுதான் சொன்னாள் போலும். அம்மம்மா நெடுநேரம் பேசவில்லை. எட்டு வயதில் எல்லா ஆசனத்தையும் பழக்கிய அவர், சிரசாசனத்தை மட்டும் தமக்குப் பழக்காததன் காரணம் என்னவென்று அவள் பலமுறை கேட்டதுண்டு. "அது பிறகு" என்பதே மறுமொழியாக இருந்தது. அன்று அவராகவே சொன்னார்.

சூறாவளிக்கு அடுத்த வருடம், அதாவது 1979இல், அதே தெருவிலே ஒரு பெண். சிரசாசனம் பழக ஆசைப்பட்டாள். பன்பாயின் மேல் சேலையை மடித்து வைத்து நிறுத்தினார். நின்றாள், நான்கு நாட்கள் நன்றாகவே நின்றாள். ஐந்தாம் நாள் சரிந்தாள். கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. ஒட்டகப்புலம் என்றும் ஆஸ்பத்திரி என்றும் மாதக்கணக்காக அலைந்தார்கள். பின்னர் சுகமாயிற்று, ஆயினும் தலையில் குடம் வைக்க அவளால் இயலாது போயிற்று. அவளும் அவள் வீட்டாரும் அம்மம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை. விதி என்றார்கள். ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

"நீங்கள் பக்கத்திலை நிண்டு பிடிக்கேல்லையே, அம்மம்மா?"

"நானும் அவளோடை சேர்ந்து தலைகீழாய் நிண்டனான், பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு."

அவள் ஆச்சிரமத்தில் நடந்ததை அதுவரை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அப்போது சொன்னாள். சொல்லி முடிந்த பின்னும் இருவரும் விறாந்தையிலேயே இருந்தனர், மழை இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த கிழமை வகுப்பில் சிரசாசனம் நடைபெறவில்லை. சர்வாங்காசனம் மட்டும், அதுவும் சுவரோடு, கம்பளம் மடித்துத் தோளுக்கடியில் வைத்து, நான்கு நான்கு பேராக. கருவாடு விற்கும் பெண்ணைக் கதிரையில் இருத்தி, மூச்சுப் பயிற்சியை மட்டும் மெதுவாகச் செய்யுமாறு அவள் சொல்லியிருந்தாள். அவளோ தன்னை விலக்கிவிட்டார்கள் என்ற மனத்தாங்கலோடு, மூச்சையும் எண்ணாமல், மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நால்வரின் கால்கள் சுவரில் ஏறின. ஆசிரியை இடது ஓரத்தில் ஒருத்தியின் முழங்கையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை," என்றாள் கதிரையிலிருந்தவள், "அங்கை, கடைசியிலை நிக்கிறவ தலையைத் திருப்புறா."